விளையாட்டுக்கும் விமர்சனம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் செல்போன் விளையாட்டுகளைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்கள், விடிய விடியத் துப்பாக்கி விளையாட்டு ஆடிப் படிப்பைக் கோட்டை விட்ட பையன்கள், சாப்பிடக்கூட எழுந்திருக்காத பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வீட்டில் உள்ள போன்களிலிருந்து விளையாட்டுகளை மொத்தமாக அழித்துவிடும்படி பெற்றோருக்கு யோசனை சொல்லி முடித்திருந்தார் கட்டுரையாளர். அவர் சொன்ன கஷ்டங்கள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சூதாட்டத்தையும், சுடுவதையும், சும்மா ஒரு வானத்தில் பறந்து திரிவதையும் ஒரே குப்பைத் தொட்டியில் போட்டது எனக்கு ஒப்பவில்லை.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில்தான். வீடு பாளையங்கோட்டையில். மகள் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறாள். பேத்தி ஐந்தாம் வகுப்பு. அவளும் நானும் சாயங்காலங்களில் ஒரு போன் விளையாட்டில் சேர்ந்து பறக்கிறோம். இந்த வயதில் ஆச்சிக்கு இது தேவையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எங்கள் தெருவில் நாலு பேர் ஏற்கெனவே சிரித்தாயிற்று. சீரியலுக்கு உட்காருகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கானவை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடக்கூடாது, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை யாரும் ஆடக்கூடாது என்றெல்லாம் அதில் வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடுவதை ஒரு பக்கம் ஒதுக்கித் தடை செய்துவிட்டு, போட்டி விளையாட்டையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்களே பிரித்துப் பார்க்கும்போது பத்திரிகைக்கு என்ன சிரமம்?

மருத்துவத்திலும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. ஆனால் போனில் ஆடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் நோய் என்று அதில் எழுதவில்லை. ஆட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாடு கையை விட்டுப் போக வேண்டும், சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ள வேண்டும், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர வேண்டும், இது பெரும்பாலும் ஓர் ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும். இத்தனையும் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைக்கச் சொல்கிறார்கள். இருமுகிற பிள்ளைக்கெல்லாம் காசநோய் என்று எழுதிக் கொடுத்தால் டாக்டர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

சரி, நாங்கள் ஆடும் விளையாட்டுக்கு வருகிறேன். பெயர் 'ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் தி லைட்'. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் 'தட்கேம்கம்பெனி' செய்தது. 2019 ஜூலையில் ஐபோனுக்கும், 2020 ஏப்ரலில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. அப்புறம் நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவிகள், கம்ப்யூட்டர் என்று மற்றவற்றுக்கும் வந்துவிட்டது. இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. எனக்கு டேப்பில் போட்டுக் கொடுத்தது மருமகன். போனில் வாட்ஸ்அப் காலை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பேத்தியின் குரல் ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம்.

இதில் நீங்கள் ஒரு சின்னப் பிள்ளை. தோளில் ஒரு மேலங்கி, அதுதான் சிறகு. கையில் ஒரு மெழுகுவர்த்தி. யாரையும் அடிக்க வேண்டாம், யாரையும் முந்த வேண்டாம். மேகத்துக்கு மேலே மிதக்கும் தீவுகள், இடிந்த கோயில் போன்ற கட்டடங்கள், மணல்மேடுகள், புல்வெளிகள் என்று உலகம் விரிந்து கிடக்கிறது. பறந்து போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஆங்காங்கே ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன ஒளிக் குழந்தைகளைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டால் இன்னும் அதிக நேரம் பறக்கலாம். அந்த ஊரில் எப்போதோ வாழ்ந்து போனவர்களின் ஆவிகள் நிற்கும். விளக்கேற்றினால் அவர்கள் வாழ்ந்தபோது செய்த ஒரு செயலை, ஒரு கும்பிடோ ஒரு சிரிப்போ, நமக்குக் கற்றுத் தருவார்கள்.

பறப்பது எப்படி என்று சொன்னால்தான் இது ஏன் மற்றவற்றிலிருந்து வேறு என்பது விளங்கும். ஒவ்வொரு தடவை சிறகடிக்கும்போதும் அங்கியில் இருக்கும் ஒளி கொஞ்சம் தீரும். தீர்ந்துவிட்டால் மேலே போக முடியாது, மெல்லச் சறுக்கிக்கொண்டே கீழே இறங்கலாம். மேகத்துக்குள் நுழைந்தால் ஒளி திரும்ப நிரம்பும். விளக்குப் பக்கத்தில் நின்றாலும் நிரம்பும். வானத்தில் நீந்துகிற திருக்கை மீன்களோடு கொஞ்ச தூரம் சேர்ந்து போனாலும் நிரம்பும். ஆமாம், திருக்கைதான். தூத்துக்குடி மார்க்கெட்டில் கூறு போட்டு விற்பதைப் பார்த்த கண்ணால், அது தலைக்கு மேலே மெதுவாகச் சிறகசைத்துப் போவதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது அதன் முதுகில் உட்கார்ந்து போகப் பழகிவிட்டேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே இருவருக்கும் ஒளி நிரம்ப ஆரம்பித்துவிடும். எதுவும் செய்ய வேண்டாம், நின்றால் போதும். யார் உயர்ந்த நிலை, யார் நேற்று வந்தவர் என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடாது.

அதேபோல் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒருவர் கையை நீட்ட, மற்றவர் பிடித்துக்கொண்டால் முன்னால் போகிறவர் பறக்க, பின்னால் இருப்பவர் கூடவே போவார். எனக்கு இரண்டு கட்டை விரலிலும் மூட்டு வலி. ஒரே கையால் ஆடும் வசதி விளையாட்டிலேயே உண்டு, அதை வைத்துத்தான் சமாளிக்கிறேன். நாலைந்து திருப்பம் வேகமாகத் திரும்ப வேண்டும் என்றால் திணறிப் போவேன். அந்த இடம் வந்ததும் பேத்தி "ஆச்சி, கைய நீட்டு" என்பாள். அப்புறம் "விட்டுராத, விட்டுராத" என்று சொல்லிக்கொண்டே இழுத்துப் போவாள். அவள் நடை பழகிய காலத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் இதையே நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பத்து வயதுப் பிள்ளை பெரியவரை அழைத்துப் போகிற நிலையில் இருக்கும்போது எவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். முன்னால் என்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். நான் பின்தங்கிவிட்டால் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். வீட்டில் தம்பியோடு இப்படி இருக்கிறாளா என்று கேட்காதீர்கள்.

முன்பின் தெரியாதவர்களும் இதில் வருவார்கள். முதலில் சாம்பல் நிற நிழலாக மட்டும் தெரிவார்கள். நம் மெழுகுவர்த்தியை நீட்டி அவர்கள் திரியைப் பற்றவைத்தால்தான் முகமும் உடையும் தெரியும். யார் பெயரும் தலைக்கு மேலே எழுதியிருக்காது. நண்பராக்கிக்கொண்டால் நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், அது நமக்கு மட்டும்தான் தெரியும். மழை பெய்துகொண்டே இருக்கும் ஒரு காடு உண்டு. அங்கே மழை பட்டால் ஒளி கரைந்துபோகும். ஒரு நாள் நான் வழி தெரியாமல் நனைந்துகொண்டு நின்றபோது யாரோ ஒருவர் குடையை விரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். எந்த நாட்டவரோ, என்ன வயதோ! மழைக்கு ஒதுங்கினால் பஸ் ஸ்டாப்பில்கூட நகர்ந்து இடம் தராத காலம் இது. அவருக்குக் 'குடைக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டொரு தடவை வந்தார். வந்தால் ஒரு கும்பிடு போடுவார், நானும் போடுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

எல்லாம் தேனும் பாலுமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பொன்னிறப் புழுதி படிந்த ஒரு பாழ்நிலம் வருகிறது. அங்கே பூரானைப் போல நீண்ட உடம்போடு, முகத்தில் ஒரு விளக்கோடு பெரிய ஜந்துக்கள் ரோந்து சுற்றும். 'க்ரில்' என்கிறார்கள். அந்த நீல வெளிச்சம் நம்மேல் விழுந்து சிவப்பாக மாறினால் பாய்ந்து வந்து மோதும், நாம் சேர்த்த ஒளிக் குழந்தைகள் சிதறிப் போகும். அதை அடிக்க ஆயுதம் எதுவும் கிடையாது. ஒளிந்துகொள்ளலாம், காத்திருக்கலாம், சிதறியதை ஓடி ஓடிப் பொறுக்கலாம். பேத்திக்கு அந்த இடம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

கடைசிப் பகுதி இன்னும் கடினம். அதற்கு 'ஐ ஆஃப் ஈடன்' என்று பெயர். செங்கற்கள் புயலாக வீசுவதைப் போல சிவப்புக் கற்கள் மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவே கல்லாய் உறைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு நம்மிடம் உள்ள ஒளியை ஒன்றொன்றாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கொடுக்கக் கொடுக்கச் சிறகு குறையும். கடைசியில் ஒன்றும் மிஞ்சாது, நம் பிள்ளை தவழ்ந்து போய் விழுந்துவிடும். அதற்கப்புறம் வெளிச்சம் வரத்தான் செய்கிறது, மீண்டும் பிறந்து முதலிலிருந்து பறக்கத்தான் செய்கிறோம். ஆனாலும் முதல் தடவை பேத்தி அழுதுவிட்டாள். மகள் என்னைக் கோபித்துக்கொண்டாள், இதெல்லாம் பிள்ளைக்கு எதற்கு என்று. நான் குழந்தைகள் வார்டில் இருந்தவள். சாவைப் பற்றிப் பேசவே கூடாது என்று பெரியவர்கள் மூடி மூடி வைத்ததால் தனியாகப் பயந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி பேத்தி என்னிடம் அவள் தாத்தாவைப் பற்றி நிறையக் கேட்டாள். நானும் சொன்னேன். மகள் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பகுதி வரும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மகளும் நானும் சண்டை போட்டிருக்க வேண்டியதில்லை.

இந்த விளையாட்டைச் செய்தவரைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கிடைத்தது. அது எனக்கு முக்கியமாகப் பட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர் ஜெனோவா சென். சீனாவில் ஷாங்காயில் பிறந்தவர். சின்ன வயதில் அவருக்கு ஆஸ்துமா. அடிக்கடி ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்திருக்கிறார். பிறகு அமெரிக்கா போய்த் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 2005இல் சக மாணவர்களோடு சேர்ந்து 'கிளவுட்' என்று ஒரு விளையாட்டைச் செய்தார். அதில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரு பையன் தூங்கிப்போகிறான். கனவில் தீவுகளுக்கு மேலே பறக்கிறான். வெள்ளை மேகங்களைத் திரட்டி இழுத்து உருவங்கள் செய்கிறான், கறுப்பு மேகத்தோடு சேர்த்து மழை பெய்ய வைக்கிறான். அவ்வளவுதான் விளையாட்டு. இலவசமாக வெளியிட்டதும், இறக்கிக்கொள்ள வந்த கூட்டத்தில் பல்கலைக்கழகச் சர்வரே திணறிப் போனதாம். அதற்கு அடுத்த வருஷம்தான் உடன் படித்த கெல்லி சாண்டியாகோவோடு சேர்ந்து இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார். காற்றாக மாறிப் பூவிதழ்களை அள்ளிப்போகும் 'ஃப்ளவர்' 2009இலும், பாலைவனத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு நடந்து போகும் 'ஜர்னி' 2012இலும் வந்தன. 'கிளவுடு'க்கு இசை அமைத்த வின்சென்ட் டயமண்டேதான் 'ஸ்கை'க்கும் இசை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இசையை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளும் உண்டு.

இளைப்பு வந்த பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை தொடங்கினால் வார்டு நிறைந்துவிடும். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் படுக்க மாட்டார்கள். தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். ராத்திரி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பக்கம் இருட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இளைப்பைத் தணிக்கும் டெரிஃபிலின் ஊசி போட்டுவிட்டுக் காத்திருப்போம். அப்புறம் மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் வந்தது. மருந்து நல்லது, ஆனால் அந்த மெஷின் போடும் சத்தத்துக்கும் முகத்தில் கவிழ்க்கும் மாஸ்க்குக்கும் பயந்து கதறுவார்கள். கதறினால் இளைப்பு இன்னும் கூடும். அதனால் நாங்கள் சிஸ்டர்கள் எல்லாரும் ஒரு பொய் வைத்திருந்தோம். இது பைலட் மாஸ்க், போட்டுக்கொண்டால் விமானம் கிளம்பும், மெஷின் சத்தம்தான் இஞ்சின். புகை வருகிறதா, அது மேகம். எங்கே போகலாம் சொல்லு? திருச்செந்தூர் என்பார்கள், மெட்ராஸ் என்பார்கள், ஒரு பையன் தன் அப்பா இருக்கும் துபாய்க்குப் போகச் சொன்னான். போய்ச் சேருவதற்குள் மருந்து தீர்ந்திருக்கும், தோள் அடங்கியிருக்கும்.

ஆகவே படுக்கையில் கிடந்த ஒரு பிள்ளை வளர்ந்து பெரியவனாகிப் பறக்கிற விளையாட்டாகவே செய்துகொண்டிருக்கிறான் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உங்கள் கட்டுரையாளர் அழிக்கச் சொன்ன பட்டியலில் அதுவும் அடங்கிவிடுகிறதே என்றுதான் இருந்தது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் குறைகளையும் எழுதத்தான் வேண்டும். இல்லையென்றால் விளம்பரம் ஆகிவிடும்.

இலவசம் என்று சொல்லும் எந்த விளையாட்டும் முழுக்க இலவசம் இல்லை, இதுவும் அப்படித்தான். உள்ளே ஒரு கடை இருக்கிறது. புது அங்கி, புது முடியலங்காரம், வாத்தியம் என்று விற்பார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு 'சீசன்' வரும், அதற்குக் காசு கட்டி ஒரு பாஸ் வாங்கினால் கூடுதல் பொருள் கிடைக்கும். காசு கட்டியவருக்குத்தான் வானம் என்று இல்லை, பெரும்பாலும் உடையும் அலங்காரமும்தான். சூதாட்டமும் அல்ல, போட்ட பணம் திரும்பி வரும் என்ற ஆசை காட்டுவதில்லை. ஆனால் கூட இருக்கும் பிள்ளையின் அங்கி நம் அங்கியைவிட அழகாக இருந்தால் பத்து வயதுக்கு மனசு சும்மா இருக்குமா? தீபாவளித் துணி எடுக்கக் கூட்டிப் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது வேறு. மெழுகுவர்த்திதான் இதில் நாணயம். அது தினமும் ஊர் ஊராகப் பறந்து விளக்கேற்றி, மெழுகு சேர்த்தால் கிடைக்கும். ஆடுகிறவர்கள் இதைக் 'கேண்டில் ரன்' என்பார்கள். பழைய சீசன்களின் பொருள்களைக் கொண்டுவரும் ஆவி ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து நாலு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போய்விடும். அதற்குள் மெழுகுவர்த்தி சேர்க்காவிட்டால் அடுத்து எப்போது வருமோ தெரியாது. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவில் அங்கே நாள் மாறும். நமக்கு அது மதியம் பன்னிரண்டரை, அவர்கள் குளிர்காலத்தில் ஒன்றரை. அதற்குள் இன்றைய வேலையை முடிக்க வேண்டும் என்று லீவு நாளில் பிள்ளைகள் சோற்றைப் பிசைந்துகொண்டே திரையைப் பார்க்கிறார்கள். நிதானமாகச் சுற்றிப் பார்க்கச் செய்த ஒரு இடத்தில் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தவர் யாரோ, அவர் மேகத்தில் மிதந்தவராக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் நானும் பேத்தியும் கேண்டில் ரன் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கிடைப்பது கிடைக்கட்டும். அதனால் எங்கள் இருவர் அங்கியும் பழசுதான். அவளுக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மூன்றாவது, பேச்சு. தெரியாதவர்களோடு உடனே அரட்டை அடிக்க முடியாது, நட்பு வளர்ந்த பிறகுதான் அந்த வசதி திறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் பெஞ்சு போட்டிருப்பார்கள், அதில் சேர்ந்து உட்கார்ந்தால் அந்நியரோடும் எழுதிப் பேசலாம். பெரும்பாலும் 'ஹாய்' என்பார்கள், வழி கேட்பார்கள். இருந்தாலும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பேத்தி பெஞ்சில் உட்காருவதென்றால் நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

காசு, தினக்கணக்கு இரண்டும் இல்லாத பறக்கும் விளையாட்டும் இருக்கிறது. 'எ ஷார்ட் ஹைக்', 2019இல் வந்தது. கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ என்பவர் செய்தது. பெரிய கம்பெனிகளைச் சாராமல் தனியாகச் செய்யும் விளையாட்டுகளுக்கான விழாவில் 2020இல் முதல் பரிசு வாங்கியது. கிளேர் என்ற சின்னப் பறவை, சித்தி வேலை பார்க்கும் மலைப் பூங்காவுக்கு வந்திருக்கிறது. முக்கியமான ஒரு போன் வர வேண்டும், ஆனால் சிக்னல் இல்லை. உச்சிக்குப் போனால் கிடைக்கும் என்கிறார்கள். தங்க இறகுகளைச் சேர்த்து, ஏறி, சறுக்கிப் பறந்து, இடையில் மீன் பிடித்து, அங்கங்கே இருப்பவர்களோடு கதை பேசிப் போகலாம். ஒரு தடவை விலை கொடுத்தால் போதும், அப்புறம் உள்ளே கடை இல்லை. இரண்டு மணி நேரத்தில் உச்சியைத் தொட்டுவிடலாம். அந்தப் போன் எதற்காக என்பதைச் சொல்லிவிட்டால் பாதி சுவை போய்விடும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கம்ப்யூட்டரிலோ அதற்கென்றே உள்ள கருவிகளிலோதான் ஆட வேண்டும். நான் மருமகன் லேப்டாப்பில் ஆடினேன்.

இப்போது என் கோரிக்கை. உங்கள் நாளிதழில் வெள்ளிக்கிழமை தோறும் சினிமா விமர்சனம் வருகிறது. படம் யாருக்கு, எத்தனை மணி நேரம், எங்கே இழுக்கிறது, ரத்தம் எவ்வளவு, குழந்தைகளோடு போகலாமா என்றெல்லாம் எழுதுகிறீர்கள். கெட்ட படம் ஒன்று வந்தால் தியேட்டரை இடிக்கச் சொல்லி யாரும் எழுதுவதில்லை. புத்தகங்களுக்கு ஒரு பகுதி இருக்கிறது, ஓட்டல்களுக்குக்கூட இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் சினிமாவைவிட அதிக நேரம் செலவிடுவது விளையாட்டில். அதைப் பற்றி உங்கள் பக்கங்களில் வருவது யாராவது தற்கொலை செய்துகொண்டால், அல்லது சட்டசபையில் மசோதா வந்தால் மட்டும்தான்.

வாரத்துக்கு ஒரு விளையாட்டு போதும். யாராவது ஒருவர் அதை உண்மையாகவே ஆடிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும், கம்பெனி கொடுத்த குறிப்பை அப்படியே போடக் கூடாது. எத்தனை வயதுப் பிள்ளைக்கு ஆகும், உள்ளே கடை இருக்கிறதா, எந்த இடத்தில் காசு கேட்கிறது, அந்நியரோடு பேச வழி உண்டா, அதை எங்கே அணைப்பது, ஒரு நாள் ஆடாமல் விட்டால் தண்டிக்கிறதா, சொல்லாமல் கொள்ளாமல் பயமுறுத்தும் இடம் உண்டா. ஒரு தாய் சமையலறையில் நின்றுகொண்டு படித்துவிட்டு 'சரி, இதை ஆடு, அதை அழி' என்று சொல்ல முடிகிற மாதிரி இருக்க வேண்டும். ஆடத் தெரியாத பெரியவர்கள் எழுதினால் சென்ற ஞாயிறு வந்ததைப் போல இருக்கும். ஆகையால் உங்கள் அலுவலகத்தில் சின்ன வயதுக்காரர்கள் யாரையாவது உட்கார வையுங்கள், கூடவே பிள்ளை வளர்த்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூதாட்ட செயலிகளைப் பற்றி எழுதுவதை இதற்காகக் குறைக்க வேண்டாம். எங்களோடு வார்டில் வேலை பார்த்த ஒரு தம்பி கூட்டுறவுக் கடன் எடுத்து அதில் போட்டு நின்றதைப் பார்த்தவள் நான். அதை முதல் பக்கத்தில் போடுங்கள். பறப்பதை வேறு பக்கத்தில் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கடிதம் நீண்டுவிட்டது என்று தெரிகிறது. இடம் போதாது என்றால் திருக்கை மீனையும் குடைக்காரரையும் வெட்டிக்கொள்ளுங்கள். பெஞ்சு, கடை, பன்னிரண்டரை மணி விவரம் மூன்றையும் மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம், பெற்றோருக்கு அதுதான் உபயோகப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.